இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால்

எங்கள் வீட்டுத் தரையில் நான்கு யானைகள் படுத்திருந்தன.

நிஜ யானைகள் இல்லை, படம்தான். கஞ்சி போட்டு மொடமொடவென்றிருந்த டிரேசிங் துணியில் கறுப்பு மசியால் வரைந்த யானைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு தூண். தூண்களுக்கு மேல் மண்டபம், மண்டபத்துக்கு மேல் கோபுரம், கோபுரத்தின் நெற்றியில் ஒரு கடிகாரம். துணி சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் என் அம்மிக் குழவி, இன்னொரு மூலையில் உப்பு ஜாடி, மூன்றாவதில் அரிவாள்மணை. நாலாவது மூலைக்கு வைக்க ஒன்றும் அகப்படாமல் என் வீட்டுக்காரர் தன் காலையே வைத்துக்கொண்டு நின்றார்.

தாராவியில் எங்களுக்கு இருந்தது ஒரே கோலி. கோலி என்றால் ஒற்றை அறை. அதுவே அடுப்படி, அதுவே படுக்கை, அதுவே கமிட்டி ஆபீஸ். யானைகளைத் தாண்டினால்தான் அடுப்புக்குப் போக முடியும். எனக்கோ அப்போது வயிறு முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. யானை தாண்டுகிற நிலைமையில் நான் இல்லை.

"ஏங்க, இந்த ஆனையள கொஞ்சம் ஒதுக்குங்க. சோறு பொங்கிரும்" என்றேன்.

"ஏளா கோமு, இது நினைவுச் சின்னம். மிதிச்சிராத" என்றார் அவர்.

சோறு பொங்கி அடுப்பு அணைந்தது.

கமிட்டி என்றால் உயிர்

போன வாரம் ரேஷன் அரிசிக் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார், 'உங்கள் கணவரை ரொம்பத்தான் கிண்டல் செய்கிறீர்கள்' என்று. அம்மா, நான் குறைத்துத்தான் எழுதுகிறேன்.

அவர் ஒரு நூல் மில்லில் குமாஸ்தா. மில்லில் அவர் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். அந்தக் குறை தீர, சாயங்காலம் தாராவிக்குள் கால் வைத்ததும் காரியதரிசி ஆகிவிடுவார். குழாயடிக் கமிட்டிக்கு அவர்தான் காரியதரிசி. ரேஷன் வரிசைக் கமிட்டிக்கும் அவர்தான். மூட்டைப்பூச்சி ஒழிப்புக் கமிட்டி என்று ஒன்று இருந்தது. அதன் கூட்டங்களுக்கு அங்கத்தினர்கள் வராவிட்டாலும் மூட்டைப்பூச்சிகள் தவறாமல் வந்தன.

எல்லாக் கமிட்டிக்கும் தலைவர் பலசரக்குக் கடை அண்ணாச்சி. எல்லாக் கமிட்டிக்கும் சட்டம் ஒன்றே. எந்தத் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேற வேண்டும். நிறைவேறிவிட்டால், அதை மாற்ற அத்தனை பேரும் மறுபடி கூடி ஒருமனதாகத்தான் மாற்ற வேண்டும். திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் அத்தனை பேர் ஓரிடத்தில் ஒருமனதாக இருப்பது ஆயுளுக்கு ஒரு தடவை நடந்தால் உண்டு. இந்தச் சட்டத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கதையும் இதில்தான் மாட்டிக்கொண்டது.

தகரம்

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம். பம்பாய் முழுக்கக் கலவரம், கத்திக்குத்து, கர்ஃப்யூ.

எங்கள் சந்தும் பக்கத்துச் சந்தும் முதுகோடு முதுகு ஒட்டியவை. எங்களதில் இந்துக்கள், அடுத்ததில் முஸ்லிம்கள். இரண்டிலும் இருந்தது திருநெல்வேலி ஜில்லாதான். அவர்கள் பக்கம் மீரான் ராவுத்தருடைய தோல் மண்டி இருந்தது. எங்கள் ஆண்களில் பாதிப் பேர் அந்த மண்டியில் சுமை தூக்கிப் பிழைத்தவர்கள். தலைச்சுமையோடு அவர்கள் நடந்து நடந்தே இரண்டு சந்துகளையும் இணைத்து ஒரு பாதை விழுந்திருந்தது. மண்டிப் பாதை என்போம். எங்கள் கோலி அந்தப் பாதையின் ஓரத்தில், கடைசி வீடு.

எங்கள் இரண்டு சந்திலும் யாரும் யாரையும் தொடவில்லை. ஆனால் எங்கோ நகரத்தின் அந்தக் கோடியில் குத்து விழுந்தால் இங்கே இரண்டு பக்கமும் கதவு சாத்துவோம். ஒருநாள் காலையில் மண்டிப் பாதைக்குக் குறுக்கே ஆள் உயரத்துக்கு மேல் தகரம் நின்றது. இந்தப் பக்கத்து ஆணிகளை நாங்கள் அடித்தோம். அந்தப் பக்கத்து ஆணிகளை அவர்கள் அடித்தார்கள். அந்த வருடம் இரண்டு சந்தும் சேர்ந்து ஒற்றுமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

எங்கள் எதிர் வீடு செல்லத்தாய். புருஷன் சுடலைமுத்து, மண்டிச் சுமைக்காரன். ஆள் பனைமரம், கோபம் அதைவிட உயரம். செல்லத்தாய்க்குத் தெரிந்த இந்தி 'ஹட்', அதாவது 'விலகு' என்ற ஒரு சொல்தான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே குழாயடி முழுவதையும் ஆண்டாள். பம்பாய் வந்த புதிதில் மிரண்டு கிடந்த எனக்குச் சண்டை போடக் கற்றுக்கொடுத்தவள் அவள். அவள் சிரித்தால் அடுத்த சந்தில் மைமூன் பீவி, "என்னளா அங்க சிரிப்பு?" என்று குரல் கொடுப்பார்.

மைமூன் பீவிதான் இரண்டு சந்துக்கும் மருத்துவச்சி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் அவர் கை படாமல் பூமிக்கு வந்தது ஒன்றுகூட இல்லை. பெருத்த சரீரம். கோலிக் கதவுக்குள் நேராக நுழைய மாட்டார், பக்கவாட்டில்தான் நுழைவார்.

கர்ஃப்யூ போட்டிருந்த ஒரு மத்தியானம் செல்லத்தாய்க்கு நாள் ஆகாமலே வலி கண்டுவிட்டது. நான் தகரத்தண்டை ஓடிக் கத்தினேன். மைமூன் பீவி பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டார். ஆணியைப் பிடுங்கச் சொன்னேன். "தொறந்தா அவனுவ உள்ள வந்துருவானுவ" என்றார்கள் எங்கள் பையன்கள். "பீவியம்மாவ அனுப்பினா உசிரோட திரும்ப மாட்டாவ" என்றார்கள் அந்தப் பக்கத்துப் பையன்கள். பீவியம்மா இரண்டு கையாலும் தகரத்தை அடித்தார். பிறகு அங்கே நின்றபடியே வெந்நீர் வை, காலை உயர்த்து என்று கத்தினார். நான் ஓடிப்போய்ச் செய்துவிட்டு ஓடி வந்து கேட்டேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு யாரும் பிரசவம் பார்க்க முடியாது. செல்லத்தாய் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே போய்விட்டாள்.

இத்தனை வருடம் கழித்து, செம்பூரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதும்போதும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அழுகை அப்புறம்தான் வருகிறது.

சுடலைமுத்து அதன்பின் சுமை தூக்கவில்லை. தகரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பான். சோறு கொண்டுபோய் வைத்தால் தின்பான், பேச மாட்டான். கலவரம் அடங்கியும் தகரம் நின்றது. நான் உண்டானேன். மருத்துவச்சி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அந்தத் தகரத்தைப் பார்க்கும்போதெல்லாம், அடுத்தது நான்தான் என்று தோன்றும்.

தியாகி தேவை

நாலு சந்து தள்ளி ஒரு கூட்டத்தார் கலவரத்தில் செத்தவர்களுக்குத் தூண் எழுப்பி, மாலை போட்டு, ஒலிபெருக்கி வைத்தார்கள். எங்கள் கமிட்டிக்கு அன்று ராத்திரி தூக்கமில்லை. நமக்கும் ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று மறுநாளே முடிவாகிவிட்டது.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் சந்தில் கலவரத்தில் செத்தவர் யாருமில்லை. அடிபட்டவரே ஒருத்தர்தான். தகரத்துக்கு ஆணி அடிக்கும்போது பெஞ்சிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்ட அண்ணாச்சி. வேண்டுமானால் தன் பேரைப் போட்டுக்கொள்ளலாம், தனக்கு ஆட்சேபணை இல்லை என்று அவர் பெருந்தன்மையோடு சொன்னார். உயிரோடிருப்பவருக்கு மாலை போட்டால் அவர் கடையில் சாமான் வாங்க யாருக்குத் தைரியம் வரும்? அது நிறைவேறவில்லை.

அப்போதுதான் யாரோ செல்லத்தாய் பேரைச் சொன்னார்கள். எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. 'எதிரிகளின் கொடுமையால் உயிர்நீத்த வீரத்தாய்' என்று வாசகம்கூடத் தயாரானது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த எதிரி? தகரத்தை அடித்து அடித்துக் கை வீங்கி நின்றதே ஒரு அம்மாள், அவரா? அன்று ராத்திரி என் வீட்டுக்காரருக்கு ரசத்தில் உப்புப் போடாமல் ஊற்றினேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

படம் போட மாட்டுங்காவிலிருந்து ராமசேஷனைப் பிடித்துவந்தார். பாலக்காட்டுக்காரர், கட்டட ஆபீஸ் ஒன்றில் வரைபடக்காரர். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் சாக்கடைக் குழாயைத் தவிர வேறு எதையும் வரைய விடவில்லையாம். அத்தனை வருட ஏக்கத்தையும் ஒரே துணியில் கொட்டியிருந்தார். அதுதான் அந்த நான்கு யானை. இடம் என்னவோ குழாயடிக்குப் பக்கத்தில் இரண்டு ஆடு கட்டலாம், அவ்வளவுதான்.

ஒவ்வொன்றாகக் கழிந்தது

யானைகளைச் சுற்றிக் கமிட்டி சம்மணம் போட்டு உட்கார்ந்தது. நான் பானையோடு பானையாக மூலையில் ஒண்டினேன்.

முதலில் விழுந்தது கோபுரம். "கோவுரம் வச்சா கோயிலுன்னு நெனைப்பாவ. அப்புறம் உள்ள எந்தச் சாமின்னு கேப்பாவ. முருகனுன்னா பாதிப் பேரு வரமாட்டான். மாடனுன்னா மீதிப் பேரு வரமாட்டான்" என்றார் அண்ணாச்சி.

"கோபுரம் வேண்டாம்னா குவிமாடமா மாத்திடறேன். ஆகாசம் மாதிரி இருக்கும், கேட்டேளா?" என்றார் ராமசேஷன்.

"அது அவங்களுதுல்லா?"

"அப்போ ஆர்ச்?"

"அதும் அவங்களுதுதான்."

"வெறுந்தூண்?"

"நாலு சந்து தள்ளி நிக்கே. காப்பியடிச்சோமுன்னு சொல்லுவானுவ. மேல ஒரு கட்டையக் குறுக்க வச்சா வேதக்காரவ சிலுவைன்னும்பாவ."

"சரி ஓய், தூணே வேண்டாம். தரையோட ஒரு மேடை."

"அவங்க சமாதி, கபரு மாதிரி இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

கடிகாரத்தைக் கழித்தது மில் தொழிலாளிகள். ஓடாவிட்டால் அவமானம், ஓடினால் மில்லுக்கு நேரமானது பெண்டாட்டிக்குத் தெரிந்துவிடும். கடைசியில் யானைகள் மட்டும் நின்றன. ராமசேஷன் கையெடுத்துக் கும்பிட்டார். "யானைக்கு என்ன ஓய் குறை? அதுக்கு ஜாதியா, பாஷையா?"

அண்ணாச்சி வெகுநேரம் படத்தை உற்றுப் பார்த்தார். "மூஞ்சியப் பாத்தா பிள்ளையாரு ஞாவகம் வருதே" என்றார்.

நான் அப்போது பார்த்தது இதைத்தான். கல்லை எந்த வடிவத்தில் செதுக்கினாலும் அது ஏற்கனவே யாருக்கோ சொந்தமாக இருந்தது. உலகத்திலிருந்த வடிவங்களையெல்லாம் யாரோ முன்னாலேயே பாகம் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். செத்தவளுக்கென்று ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

டீயைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே இருந்திருக்க வேண்டும். எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"வயித்துப் பிள்ளையோட போனவளுக்கு நம்ம ஊருல என்ன வைப்பாவ?" என்று கேட்டேன்.

யாரும் டீயைத் தொடவில்லை.

பம்பாயிலேயே பிறந்து வளர்ந்த வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஊரில் சாலையோரத்தில் இரண்டு கல்லை நட்டு, அவற்றின் மேல் ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். சுமைதாங்கி. தலைச்சுமையோடு வருகிறவன் யார் உதவியும் இல்லாமல் அதன்மேல் சுமையைச் சரித்துவிட்டு இளைப்பாறலாம். பிள்ளை பெறாமல் வயிறும் பாரமுமாகச் செத்த பெண்ணுக்கு அதைத்தான் வைப்பார்கள். அவள் இறக்காமல் போன பாரம், வழிப்போக்கர்கள் இறக்க இறக்க அவளுக்குக் குறையும் என்பது நம்பிக்கை. அந்த அறையிலிருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். பம்பாய்க்கு ஏற்ற மாதிரி பெரிதாக யோசித்ததில் மறந்துவிட்டார்கள்.

"அதுல கோவுரமும் இல்ல, குவிமாடமும் இல்ல" என்று அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்.

அப்போது வாசலில் வெளிச்சம் மறைந்தது. சுடலைமுத்து நின்றான். எத்தனை மாதத்துக்குப் பிறகோ அவன் வாய் திறந்தான்.

"மண்டிப் பாதையில வைக்கணும். சுமை போற வழியில. ஆளு வராத எடத்துல வச்சா அவ தூக்கிக்கிட்டேதான் நிப்பா."

அவ்வளவுதான் சொன்னான். திரும்பிப்போய்த் தகரத்தடியில் உட்கார்ந்துகொண்டான்.

புள்ளிக் கோடு

யானையில் கைவைக்க மனமில்லாமல் ராமசேஷன் அந்தத் துணியை எங்கள் வீட்டிலேயே போட்டுவிட்டு, வேறு துணியில் புதிதாக வரைந்து வந்தார். மூன்றே கல். அதற்கும் முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் எல்லாம் போட்டிருந்தார். கமிட்டி முழுவதும் கூடியிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், கையெழுத்திட்டார்கள். ஒருமனதாக நிறைவேறியது. அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

ராமசேஷன் துணியைச் சுருட்டும்போதுதான் என் வீட்டுக்காரர் கேட்டார். "ஆமா ஓய், நடுவுல இந்தப் புள்ளிக் கோடு என்னது?"

"அதுவா? அந்தத் தகரம். டெம்பரரி ஸ்ட்ரக்சர்தானே? இடிச்சுத் தள்ளப் போறதைப் புள்ளிக் கோடாப் போடறது எங்க வழக்கம்."

கல்லின் ஒரு கால் புள்ளிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது. இன்னொரு கால் அந்தப் பக்கம் இருந்தது. பலகைக் கல் நடுவில் குறுக்காகப் போயிற்று.

"தகரம் போகாதுவே!" என்று அண்ணாச்சி அலறினார்.

"போகாதுன்னு எனக்கெப்படித் தெரியும்? ரெண்டு பக்கமும் தமிழ்க் குரலாக் கேட்டுது. ரெண்டும் ஒரே குடியிருப்பாக்கும்னு நெனச்சேன்" என்றார் மாட்டுங்காக்காரர்.

படத்தை மாற்றலாம் என்றால் தீர்மானம் நிறைவேறிவிட்டது. மாற்ற அத்தனை பேரும் மறுபடி கூட வேண்டும். அதற்குள் இருவர் ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள், இருவர் பேச்சுவார்த்தை இல்லாமல் போய்விட்டார்கள். ஒரு தகரத்தைவிட ஒரு தீர்மானம் கெட்டியானது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மனதுக்குள் ராமசேஷனுக்குக் கோடி நமஸ்காரம் செய்தேன்.

என் வீட்டுக்காரர் வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு தகரத்தண்டை போனார். கைக்குட்டை எதற்கென்று அவருக்கே தெரியாது, தகரத்தின் வழியாக அதை யாரும் பார்க்கவும் முடியாது.

"ராவுத்தரய்யா இருக்கியளா?"

"ஆரு, அருணாசலமா? என்னவே, உசிரோடதான் இருக்கீரா?" என்றது மீரான் ராவுத்தரின் குரல்.

விஷயத்தைச் சொன்னார்.

"அந்தப் பிள்ளைக்கா?" என்றார் ராவுத்தர். "வையும்வே. எங்க பாட்டையா ஊருலயும் ஒண்ணு கெடக்கு. எங்க பெரிய உம்மா பேருல வச்சது. சந்தைக்குப் போறவன் எல்லாவனும் அதுலதான் சுமை எறக்குவான். ஆனா இங்கயும் ஒரு கமிட்டி இருக்குல்லா? கேட்டுத்தான் சொல்லணும்."

கமிட்டி இல்லாத தமிழன் எந்த மதத்திலும் இல்லை. அந்தக் கமிட்டி நிபந்தனை போட்டது. தங்கள் பாதியில் மஞ்சள், குங்குமம், விளக்கு கூடாது. எங்கள் கமிட்டி பதில் நிபந்தனை போட்டது. எங்கள் பாதியில் பச்சைப் பெயிண்ட் கூடாது. கல் கல்லாகவே இருக்கட்டும் என்று இரண்டும் ஒப்புக்கொண்டன. தகரத்தை என்ன செய்வது? கல்லுக்கு மேலே இருப்பதை மட்டும் வெட்டுவது, கீழே இருப்பதை அப்படியே விடுவது என்றானது. தீர்மானமும் காப்பாற்றப்பட்டது, தகரமும் காப்பாற்றப்பட்டது. என்னை மட்டும் யாரும் காப்பாற்றவில்லை. சுடலைமுத்துவின் கழுத்துயரக் கல்லுக்கு மேலே ஒரு ஜன்னல் இருந்து எனக்கு என்ன லாபம்?

முதல் சுமை

குர்லாப் பக்கமிருந்து கல் வந்தது. ஒரு காலை நாங்கள் நட்டோம், ஒரு காலை அவர்கள் நட்டார்கள். பலகைக் கல்லைத் தூக்கும்போது மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே 'ஏலேலோ' கேட்டது. கல்லின் விளிம்பில் செல்லத்தாய் என்று பேர் மட்டும் வெட்டினார்கள். எதிரி, கொடுமை, வீரம் எல்லாவற்றையும் ராவுத்தர் கேட்கிறாரே என்ற கூச்சத்தில் விட்டுவிட்டார்கள்.

கல் நின்றது. ஆனால் யாரும் சுமை வைக்கக் கூடாது. முதல் சுமையை யார் இறக்குவது என்று முடிவாகவில்லை.

அண்ணாச்சிக்கு மாட்டுங்காவிலிருந்து ஜரிகைத் தலைப்பாகைக்காரர் ஒருவரை வரவழைக்க ஆசை. அந்தத் தலைப்பாகைக்கு மேல் எந்தச் சுமையை ஏற்றுவது என்று அவர் யோசிக்கவில்லை. அந்தப் பக்கத்துக் கமிட்டிக்கும் ஒரு பெரிய மனிதர் இருந்தார். முதல் சுமை இவர் பக்கமா, அவர் பக்கமா என்று தகரத்தின் வழியாக வாரக்கணக்கில் பேச்சு நடந்தது. அதுவரை எவனும் தெரியாத்தனமாக எதையும் வைத்துவிடாமல் இரண்டு பக்கமும் காவல் போட்டார்கள்.

ஒருநாள் ஹவல்தார் வந்தார். "ஹே காய் ஆஹே?" என்று, இது என்னவென்று மராத்தியில் கேட்டு, கல்லைத் தடியால் தட்டினார். வாசலா, தூக்குமரமா, கால்பந்துக் கம்பமா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தன் மில் இந்தியில் விளக்கினார். ஹவல்தாருக்கு என்ன புரிந்ததோ, தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, அதைக் கல்மேல் வைக்கப் போனார். "முதச் சுமை! முதச் சுமை!" என்று அண்ணாச்சி பாய்ந்து தொப்பியை அந்தரத்திலேயே பிடித்துவிட்டார். பயபக்தியோடு தொப்பி ஏந்துகிற ஜனங்களை ஹவல்தார் அதற்குமுன் பார்த்ததில்லை போலும், ரொம்பத் திருப்தியோடு போனார்.

இவ்வளவும் நடக்கும்போது சுடலைமுத்து கல்லடியில் உட்கார்ந்து வெற்றுக் கல்லை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவேன்.

இறக்குலே!

எனக்கு வலி கண்டதும் ஒரு மத்தியானம்தான். அன்றைக்கென்று எங்கோ சச்சரவாகி, கர்ஃப்யூ என்று போலீஸ் வண்டி கத்திக்கொண்டு போயிற்று. ஆஸ்பத்திரிக்கு வழியில்லை.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். தகரத்தைப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் கண்டதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். "பீவியம்மா! பீவியம்மா! கோமுக்கு வலி!" என்று அவர் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது.

காவலுக்கிருந்த பையன்கள், "காரியதரிசியே, கமிட்டிக்கிட்ட கேக்கண்டாமா?" என்றார்களாம்.

"கமிட்டியாவது மண்ணாங்கட்டியாவது! வெலகுங்கலே!"

இருபத்துநாலு மணி நேரமும் கமிட்டியாக வாழ்ந்த மனிதர். வாசகியம்மா, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் அவரோடு இத்தனை வருடம் குடித்தனம் பண்ணினேன்.

மற்றதை நான் உள்ளே கிடந்தபடி காதால் கேட்டேன், பிறகு ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். முதலில் தகரத்தில் வெட்டியிருந்த ஜன்னல் வழியாக ஒரு பை வந்து கல்மேல் உட்கார்ந்தது. அதன்பின் அந்தப் பக்கம் ராவுத்தர், "தூக்குங்கலே, ம், இன்னுங் கொஞ்சம், ஏறி நிக்குத பெட்டி ஒடையுது, சீக்கிரம்!" என்று மூச்சுமுட்டக் கத்தினார். தகரம் கிடுகிடுத்தது. மைமூன் பீவியின் தலை தெரிந்தது, தோள் தெரிந்தது, பிறகு பீவியம்மா முழுதாகக் கல்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். கால் இரண்டும் எங்கள் பக்கம் தொங்கின. ஏறிவிட்டார், இறங்கத் தெரியவில்லை.

பையன்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். அண்ணாச்சி, "முதச் சுமை..." என்று மட்டும் சொன்னார்.

பீவியம்மா கீழே குனிந்து பார்த்தார். கல்லடியில் சுடலைமுத்து.

"என்னலே பாக்க? அன்னைக்கும் இந்தப் பையத் தூக்கிக்கிட்டு இங்கனதான் நின்னேன். இன்னைக்கும் நிக்கணுமா? எறக்குலே!"

சுடலைமுத்து எழுந்தான். துண்டை உதறிச் சும்மாடு சுற்றித் தோளில் வைத்தான். கல்லுக்கு முதுகைக் காட்டி, தோல் கட்டைச் சரிக்கிற மாதிரியே பீவியம்மாவைத் தோளுக்குச் சரித்துக்கொண்டான். கீழே விடவும் இல்லை. அப்படியே நடந்தான். அவர் அங்கிருந்தபடியே, "வெந்நி போட்டாச்சா? தள்ளி நில்லுலே! அண்ணாச்சி, ஒம்ம கடையில வெளக்கெண்ணெ இருந்தா எடுத்தாரும்!" என்று சந்து முழுவதையும் விரட்டிக்கொண்டே வந்தார்.

எங்கள் வாசலில் இறக்கினான். எனக்குத் தெரிந்து, செல்லத்தாய் கல் அதற்குப் பிறகு தாங்கிய எந்தச் சுமையும் அவ்வளவு கனம் இல்லை.

பொழுது சாய்வதற்குள் என் மகள் பிறந்துவிட்டாள். "மெல்லிசுத் துணி குடுங்க" என்றார் பீவியம்மா. வீட்டில் பழந்துணி எல்லாம் தீர்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி யானைத் துணியை எடுத்துக்கொடுத்தார். வெந்நீரில் போட்டு அலசியதும் கஞ்சி கரைந்து, உள்ளே இருந்தது நயமான மல் துணி என்று தெரிந்தது. பிள்ளையைப் பார்க்க வந்த ராமசேஷன், சுற்றியிருந்த துணியை மோப்பம் பிடிக்கிறவர் போலக் குனிந்து பார்த்தார். மண்டபமும் கோபுரமும் மங்கிவிட்டிருந்தன. அவள் தலைமாட்டில் ஒரு யானை மட்டும் தெளிவாக நின்றது. "ஓய், சாக்கடைக் குழாய்க்கு அப்புறம் நான் போட்ட ஒரே நல்ல படம்" என்று மூக்கை உறிஞ்சினார்.

மறுநாள் காலையில் பீவியம்மாவைத் திரும்ப அனுப்ப வேண்டும். சுடலைமுத்துவைக் கூப்பிட்டார்கள்.

"வீட்டு வாசல்ல எறக்கின சுமைய மறுபடி ஏத்துத வழக்கம் எங்களுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டான்.

வேறு யாருக்கும் அந்தத் தைரியம் வரவில்லை. அண்ணாச்சி கொஞ்ச நேரம் பீவியம்மாவையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடைக்குப் போய் ஆணி பிடுங்குகிற கொறடாவை எடுத்துவந்தார். இந்தப் பக்கத்து ஆணிகளை அவர் பிடுங்கினார், அந்தப் பக்கத்து ஆணிகளை ராவுத்தர் பிடுங்கினார். அந்தத் தகரம் அடுத்த மழைக்கு அண்ணாச்சி கடைக் கூரையில் இருந்ததை நான் பார்த்தேன்.

பீவியம்மா கல்லைச் சுற்றிக்கொண்டு, பக்கவாட்டில் நுழைந்து, வீட்டுக்குப் போனார்.

கதவைச் சாத்தாமல் நான் பிள்ளையோடு படுத்திருந்தேன். கல் நேராகத் தெரிந்தது. பீவியம்மா போன வழியிலேயே சற்று நேரம் கழித்து சுடலைமுத்து மண்டிக்குப் போனான். திரும்பும்போது தலையில் தோல் கட்டு இருந்தது. மண்டியிலிருந்து அந்தக் கல் கூப்பிடு தூரம்கூட இல்லை. அந்த ஆளுக்கு அதற்குள் களைப்பு வர வழியே இல்லை. ஆனாலும் நின்றான். கல்லின்மேல் கட்டைச் சரித்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, பேர் வெட்டியிருந்த இடத்தைத் தொட்டான்.

"ஏளா, இதக் கொஞ்சம் புடி" என்றான்.